மானியம் போன பிறகு வீட்டுக் கணக்கில் எந்த வரியைப் பார்ப்பது?

எரிபொருள் மானியம் நீக்கப்பட்ட பிறகு எளிய குடும்பங்களின் வரவு செலவு எப்படி மாறுகிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவது பல ஆண்டுகள் என் வேலையாக இருந்தது. பிறகு அதே தாள்களை மேசையில் பரப்பிக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் வேலைக்கு வந்தேன். இரண்டையும் செய்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. விலை ஏறிய பொருளுக்கு எதிரே உள்ள வரியில் பாதிப்பைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. கடன் வரியில் கிடைக்கும், பேருந்துக் கட்டண வரியில் கிடைக்கும், மருந்து வரியில் கிடைக்கும். வளரும் நாடுகளின் மானிய நீக்கம் பற்றிய பேச்சில் இந்த வரிகள் மிகக் குறைவாகவே அடிபடுகின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

மண்ணெண்ணெய் விலை ஏறியிருந்த ஒரு காலத்தில், தையல் வேலை செய்யும் பெண்ணொருவரிடம் எண்ணெய்க்கு மாதம் எவ்வளவு போகிறது என்று கேட்டேன். "முன்னாடி கொடுத்த அதே பணம்தான் போகுது" என்றார். "மாற்றமில்லை" என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவதுதான் வழக்கம். ஆனால் விலை இரட்டிப்பாகியிருக்கும்போது செலவு மட்டும் எப்படி அப்படியே நிற்கும்? மெல்லப் பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது: அவர் வாங்கும் எண்ணெய் பாதியாகியிருந்தது. விளக்கு சீக்கிரம் அணைந்தது. ராத்திரி உட்கார்ந்து தைத்து விடிந்ததும் கொடுக்க வேண்டிய அவசரத் துணிகளை அவர் இப்போது வாங்குவதில்லை. மாத வருமானத்தில் நல்ல பங்கு அந்தத் துணிகளில்தான் வந்துகொண்டிருந்தது. செலவு வரி அசையவில்லை. வரவு வரி சரிந்துவிட்டது. அந்தத் தாளை அப்படியே கணினியில் ஏற்றினால் "இந்தக் குடும்பத்துக்குப் பாதிப்பில்லை" என்றுதான் வரும்.

அதற்குப் பிறகு என் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டேன். எரிபொருளைக் கடைசியில் கேட்பேன். முதலில் கடன்: யாரிடம், என்ன வட்டி, எதற்காக. அடுத்து அடகு. பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு எப்படிப் போகிறார்கள், மாத்திரை ஒழுங்காக வாங்கப்படுகிறதா, வேலைக்குப் போகும் வழி மாறியதா, சாப்பாட்டில் எது நின்றது, யாருக்கு நின்றது. இப்படிக் கேட்கத் தொடங்கியதும் "மாற்றமில்லை" என்ற விடை அநேகமாகக் காணாமல் போனது. சர்க்கரை நோய்க்கு இரண்டு வேளை போட வேண்டிய மாத்திரையை ஒரு வேளையாக்கிய பெரியவர்கள், பெண் பிள்ளையை மட்டும் ஒரு வருடம் நிறுத்தி வைத்த வீடுகள் எல்லாம் அந்தக் கேள்விகளில்தான் வெளியே வந்தன.

பணக்காரருக்குப் போன பணம், ஏழைக்கு விழுந்த அடி

மானியத்தை நீக்க வேண்டும் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம் உண்மையானது. எரிபொருள் மானியத்தில் பெரும்பங்கு வசதியானவர்களுக்கே போகிறது. சர்வதேச நாணய நிதியத்தின் ஆய்வாளர்கள் 20 வளரும் நாடுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியிட்ட கணக்கின்படி, மேல்தட்டு 20 சதவீதக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் எரிபொருள் மானியம், அடித்தட்டு 20 சதவீதத்துக்குக் கிடைப்பதைப் போல ஆறு மடங்கு. கார் வைத்திருப்பவர்தானே அதிகம் பெட்ரோல் போடுகிறார். பெட்ரோலில் இந்த ஏற்றத்தாழ்வு மிக அதிகம், மண்ணெண்ணெயில் குறைவு.

இதிலிருந்து "ஆகவே ஏழைக்கு அதிகப் பாதிப்பு இருக்காது" என்று தாவுகிறார்களே, அங்கேதான் எனக்கு மறுப்பு. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: விலை ஏறும்போது குடும்பங்கள் இழப்பதில் பாதிக்கு மேல் நேரடியாக எரிபொருளில் வருவதில்லை, போக்குவரத்து, உணவு என மற்ற பொருள்களின் விலை வழியாக வருகிறது. வருமானத்தில் எத்தனை சதவீதம் போகிறது என்று பார்த்தால் ஏழைக்கும் பணக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1,000 வருமானத்தில் 60 போவதும் 20,000 வருமானத்தில் 1,200 போவதும் சதவீதத்தில் ஒன்றுதான். ஆனால் முதல் வீட்டில் அந்த 60 என்பது மாதக் கடைசி வாரத்தின் சாப்பாடு. இரண்டாவது வீட்டில் அது சேமிப்பிலிருந்து போகும்.

இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டும். மானியம் ஏழையின் பெயரில் பணக்காரருக்குப் போனது என்பதும் சரி. அதை எடுத்தால் ஏழைக்குத்தான் முதலில் வலிக்கும் என்பதும் சரி. கூட்டங்களில் இரு தரப்பும் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்தில் நடப்பது

என் தாள்களில் அதிகம் பேசிய வரி பயணக் கட்டணம். வெனிசுவேலாவில் 1989 பிப்ரவரி இறுதியில் பெட்ரோல் விலையை ஏற்றிய அரசு, பேருந்துக் கட்டணத்தை 30 சதவீதம் மட்டும் உயர்த்திக்கொள்ளலாம் என்றது. 27ஆம் தேதி திங்கட்கிழமை காலை வேலைக்குக் கிளம்பியவர்களிடம் ஓட்டுநர்கள் அதைவிட அதிகம் கேட்டார்கள். கராகஸ் அருகே குவாரேனாஸ் நகரில் தொடங்கிய கலவரம் தலைநகருக்குப் பரவி, படைகள் இறக்கப்பட்டு, நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். அந்த மக்களில் பெரும்பாலோருக்குச் சொந்த வண்டி கிடையாது. பெட்ரோல் விலை அவர்களுக்கு வந்து சேர்ந்தது பேருந்துக் கட்டணமாகத்தான்.

கணக்குப்படி கட்டணம் எவ்வளவு ஏற வேண்டும் என்பதை யாரும் எளிதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வண்டியை ஓட்டும் செலவில் எரிபொருள் 40 சதவீதம் என்று வையுங்கள். எரிபொருள் விலை 50 சதவீதம் ஏறினால் கட்டணம் ஏற வேண்டியது 20 சதவீதம். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. சில்லறைக்கு வசதியான அடுத்த முழு எண்ணுக்குக் கட்டணம் தாவுகிறது. குறுந்தூரப் பயணத்தில் இந்தத் தாவல் சதவீதத்தில் மிகப் பெரியது. குறுந்தூரம் போகிறவர்களில் பெரும்பாலோர் தினக்கூலிக்காரர்கள். இன்னொன்று, பிறகு எரிபொருள் விலை இறங்கினாலும் கட்டணம் இறங்குவதில்லை. அரசு பயந்துபோய் மானியத்தைத் திரும்பக் கொடுத்தாலும் ஏறிய கட்டணம் முழுதாகப் பழைய இடத்துக்கு வருவது அபூர்வம். பொலிவியா 2010 டிசம்பரில் விலையை ஏற்றி ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற்றது. ஈக்வடார் 2019 அக்டோபரில் எரிபொருள் மானியத்தை நீக்கிய ஆணை 883ஐ இரண்டு வாரத்துக்குள் கைவிட்டது. இப்படி முன்னே போய்ப் பின்னே வரும்போதெல்லாம் எளிய குடும்பம் இரண்டு பக்கமும் அடிபடுகிறது என்பது என் கருத்து.

கட்டணம் ஏறியதும் மக்கள் என்ன செய்கிறார்கள்? நடக்கிறார்கள். நடப்பது செலவில்லாத தீர்வு போலத் தெரியும். நேரம் போகிறது, உடம்பு போகிறது, அதைவிட முக்கியமாக வேலை மாறுகிறது. தூரத்தில் கிடைக்கும் நல்ல கூலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் கிடைக்கும் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் இரண்டு வீடுகளில் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். "ரெண்டாவது வீட்டுச் சம்பளத்துல பாதி வண்டிக்கே போயிடுது, எதுக்குப் போகணும்?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இந்த இழப்பு எந்த விலைக் குறியீட்டிலும் ஏறாது.

ஆகவே ஊர்நல அமைப்புகளோடு பேசும்போது நான் வற்புறுத்துவது இதைத்தான்: எரிபொருள் விலை அறிவிக்கப்படும் அதே நாளில், வழித்தடவாரியாகப் புதிய கட்டணப் பட்டியலும் அச்சாகி வண்டிக்குள் ஒட்டப்பட வேண்டும் என்று கேளுங்கள். விலை ஏறி ஒரு வாரம் கழித்து வரும் பட்டியலால் பயனில்லை. அதற்குள் கட்டணத்தை ஓட்டுநர்களே நிறுத்தத்தில் வைத்து முடிவு செய்துவிட்டிருப்பார்கள்.

பணம் முன்னாலா, விலை முன்னாலா

ஈரான் 2010 டிசம்பரில் செய்த மாற்றத்தை இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். லிட்டர் 1,000 ரியாலாக இருந்த பெட்ரோல், பங்கீட்டு அளவுக்குள் 4,000, அதற்கு மேல் 7,000 ரியால் ஆனது. நான்கு மடங்கு, ஏழு மடங்கு. ஆனால் தெருக்கள் பெரும்பாலும் அமைதியாகவே இருந்தன. காரணம், ஒவ்வொருவருக்கும் மாதம் 4,55,000 ரியால் என்ற கணக்கில் குடும்பத்தின் வங்கிக் கணக்கில் பணம் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. எடுக்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தார்கள். ஆனால் கணக்கில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விலை ஏறிய நாளில் பூட்டுத் திறந்தது. அன்றைய அதிகாரபூர்வ மாற்று விகிதத்தில் அது ஏறக்குறைய 45 டாலர். நாலைந்து பேர் உள்ள ஏழைக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

நைஜீரியாவில் வரிசை தலைகீழாக இருந்தது. 2023 மே 29 அன்று பதவியேற்ற உரையிலேயே அதிபர் தினுபு எரிபொருள் மானியம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். 200 நைராவுக்கும் கீழே இருந்த பெட்ரோல் சில நாள்களில் 500ஐ ஒட்டிப் போய் நின்றது. உதவித்தொகை பற்றிய பேச்சு ஜூலையில்தான் வந்தது. மாதம் 8,000 நைரா தருவதாகச் சொன்ன அந்தத் திட்டமும் கண்டனங்களுக்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டது. இதே நாட்டில் 2012 ஜனவரி 1 அன்று 65 நைராவிலிருந்து 140ஐ ஒட்டி விலை ஏறியபோது நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடந்து, 97க்கு இறக்க வேண்டியிருந்தது. பதினோரு ஆண்டுகள் இடையில் இருந்தும் பணம் மக்கள் கைக்குப் போகும் வழி தயாராக இல்லை.

இந்த இடைவெளியில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். விலை ஏறிய முதல் மாதம் கைமாற்று வாங்கிச் சமாளிக்கிறார்கள். இரண்டாவது மாதம் வட்டிக்கு. மூன்றாவது மாதம் உதவித்தொகை வந்தால், அது நேராக வட்டிக்காரரிடம் போகிறது. தொகை அதேதான், ஆனால் தாமதமாக வந்ததால் அதன் பயன் முழுக்க வேறொருவருக்குப் போய்விட்டது. இதனால்தான் "எவ்வளவு தருகிறார்கள்" என்று கேட்பதற்கு முன் "எப்போது தருகிறார்கள்" என்று கேட்கிறேன்.

ஈரானின் கதையில் பின்பாதியும் இருக்கிறது. அந்த 4,55,000 ரியால் பத்தாண்டுக்கும் மேலாக அதே எண்ணில் நின்றது. இடையில் பொருளாதாரத் தடைகள் வந்தன, ரியாலின் மதிப்பு விழுந்தது, விலைவாசி பல மடங்கு ஏறியது. குடும்பத்தைத் தாங்கிய தொகை சில்லறையாகத் தேய்ந்தது. 2022இல்தான் ஏழைக் குடும்பங்களுக்கான தொகை பெரிதாக உயர்த்தப்பட்டது. இடையில், 2019 நவம்பரில் ஒரே இரவில் பெட்ரோல் விலையை ஏற்றியபோது நாடெங்கும் போராட்டம் வெடித்தது, இணையமே துண்டிக்கப்பட்டது. 2010இல் அமைதியாக ஏற்றுக்கொண்ட அதே மக்கள்தான். விலை மட்டும் வளர்ந்து தொகை வளராமல் இருந்தால், தொடக்கத்தில் சம்பாதித்த நம்பிக்கை எவ்வளவு காலம் தாங்கும்?

எரிபொருள் விலையும் நாணய மதிப்பும் ஒரே நேரத்தில் மாறும்போது இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கிறது. எகிப்து 2016 நவம்பர் 3 அன்று பவுண்டைச் சந்தை விலைக்கு விட்டது. அதோடு எரிபொருள் விலையையும் ஏற்றியது. அடுத்த ஜூலையில் ஆண்டுப் பணவீக்கம் 33 சதவீதத்தை ஒட்டிப் போனது. நைஜீரியாவும் மானியத்தை எடுத்த இரண்டு வாரத்தில் நைராவின் மாற்று விகிதத்தைத் தளர்த்தியது. 2024 இறுதியில் பணவீக்கம் 34 சதவீதத்தைத் தாண்டியது. இதில் மானிய நீக்கத்தின் பங்கு எவ்வளவு, நாணயச் சரிவின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது பொருளியலாளர்களுக்கே கடினம். குடும்பத்துக்கு அந்தப் பிரிவினை தேவையில்லை. ஆனால் உதவித்தொகையை முடிவு செய்பவர்களுக்குத் தேவை. ஏனென்றால் அவர்கள் எரிபொருள் விலையை மட்டும் வைத்துத்தான் தொகையைக் கணக்கிட்டிருப்பார்கள்.

பட்டியலில் இல்லாதவர்கள்

இந்தோனேசியா 2005 அக்டோபரில் எரிபொருள் விலைகளைச் சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றியது. ஏழைக் குடும்பங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3,00,000 ரூபியா கொடுத்தது. அவ்வளவு பெரிய நாட்டில் அவ்வளவு குறைந்த காலத்தில் அந்தப் பணத்தைக் கொண்டு சேர்த்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் பட்டியல் அவசரத்தில் தயாரானது. விட்டுப்போனவர்கள் கிராமத் தலைவர்களோடு மோதினார்கள். சில கிராமங்களில் வந்த பணத்தை எல்லா வீடுகளுக்கும் பிரித்துக் கொடுத்துச் சண்டையைத் தீர்த்துக்கொண்டார்கள்.

நான் போன வீடுகளிலும் பட்டியலில் விட்டுப்போனவர்கள் ஏறத்தாழ ஒரே மாதிரிப்பட்டவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், ஏனென்றால் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். பிழைப்புக்காக இடம்பெயர்ந்தவர்கள். கணவன் இறந்த பிறகு மாமியார் வீட்டிலேயே ஒரு மூலையில் பிள்ளைகளோடு தனியாகச் சமைக்கும் பெண்கள். பதிவேட்டில் அவர்கள் தனிக் குடும்பமே இல்லை. கல் உடைத்தும் பாத்திரம் தேய்த்தும் ரேகை அழிந்துபோனதால் கருவியில் விரல் பதியாதவர்கள். வங்கியில் கொடுத்த கைபேசி எண்ணை மாற்றிவிட்டவர்கள். வங்கிக் கணக்கில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து என்று பெயர் பொருந்தாதவர்கள்.

இவர்களுக்கு அப்பால் இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை: வறுமைக் கோட்டுக்குச் சற்றே மேலே இருப்பவர்கள். சொந்தமாக ஒரு பழைய வண்டி வைத்துச் சரக்கு ஏற்றுபவர், சின்னப் பட்டறை வைத்திருப்பவர். உதவித்தொகைக்கு இவர்கள் தகுதியில்லை. விலையேற்றம் முழுக்க இவர்கள் தலையில் இறங்கும். இலங்கையில் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது, சிறு படகுகளில் வெளிப்புற இயந்திரம் பூட்டிக் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கு அது தொழிலின் மூலப்பொருள். அடுப்புக்கும் விளக்குக்கும் எரிக்கும் குடும்பத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்து ஈடு செய்துவிடலாம். நாளுக்குப் பல லிட்டர் எரிக்கும் படகுக்கு அந்தத் தொகை ஒரு பயணத்துக்குக்கூடக் காணாது. மானியம் பெறும் பொருள் ஒரு வீட்டில் நுகர்வா, தொழிலா என்பதை முதலிலேயே பிரித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தெரிந்துவிடும்.

அந்த வகையில் மொராக்கோ செய்த வரிசை எனக்குப் பிடிக்கும். 2014 தொடக்கத்தில் பெட்ரோல், தொழிற்சாலை எரியெண்ணெய் மானியத்தை நிறுத்தினார்கள். டீசலுக்கு அந்த ஆண்டு முழுவதும் படிப்படியாகக் குறைத்தார்கள். ஏழைகள் சமையலுக்கு நம்பியிருந்த பியூட்டேன் வாயுவை அப்போது தொடவில்லை. 12 கிலோ உருளையின் விலை 2024 மே மாதம்தான் 40 திர்ஹாமிலிருந்து 50 ஆனது. இந்தியா டீசலில் 2013 ஜனவரியிலிருந்து மாதம் 50 காசு என்ற அளவில் ஏற்றி, உலகச் சந்தையில் எண்ணெய் விலை விழுந்த 2014 அக்டோபரில் முழுதாக விலக்கிக்கொண்டது. சிறு படிகளில் ஏறும்போது வண்டிக் கட்டணம் ஒவ்வொரு முறையும் தாவ முடிவதில்லை. ஆனால் அரசின் கஜானா வற்றிய பிறகு இப்படி நிதானமாகப் போக யாருக்கும் அவகாசம் கிடைப்பதில்லை.

இருப்பதை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறேனா?

இல்லை. கட்டுப்படியாகாத மானியத்துக்கும் விலை உண்டு, அதையும் ஏழைகளே கொடுக்கிறார்கள். பொருள் கிடைக்காமல் வரிசையில் நிற்கும் நாளெல்லாம் கூலி இழந்த நாள். குறைந்த விலைப் பெட்ரோல் எல்லை தாண்டிப் போகிறது. நைஜீரியாவின் மலிவான பெட்ரோல் பெனின் நாட்டின் சாலையோரங்களில் பாட்டில்களில் விற்கப்பட்டு ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மானியத்துக்குப் போகும் பணத்தில் கட்டியிருக்கக்கூடிய மருத்துவமனைகளை நினைத்தால் மனம் ஆறாது.

மிச்சமான பணம் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தால் மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கானா 2005இல் எரிபொருள் விலையை 50 சதவீதம் ஏற்றியபோது அரசு தொடக்கப் பள்ளிகளிலும் இளநிலை இடைநிலைப் பள்ளிகளிலும் கட்டணத்தை எடுத்துவிட்டது. பள்ளிக் கட்டண வரி பூஜ்யமானால் அது எந்தத் தாய்க்கும் உடனே தெரியும். வட்டி கட்டினோம், பற்றாக்குறையைக் குறைத்தோம் என்பது உண்மையாகவே நாட்டுக்கு நல்லதாக இருந்தாலும், வீட்டுக் கணக்கில் அதற்கு ஒரு வரி கிடையாது.

தெரியவைப்பதும் முக்கியம். எல் சால்வடோரில் 2011 ஏப்ரலில் சமையல் எரிவாயு உருளையின் விலையைச் சந்தை விலைக்கு உயர்த்தி, பெரும்பாலான வீடுகளுக்கு ஈட்டுத்தொகையை மின்கட்டண ரசீது வழியாகக் கொடுத்தார்கள். கணக்குப்படி ஏழைகளில் பெரும்பாலோருக்கு இதில் லாபம்தான். ஆனாலும் தொடக்கத்தில் பெரும்பாலோர் இதை வெறுத்தார்கள். பணம் கைக்கு வர வரத்தான் மனம் மாறியது. திட்டத்தின் விவரம் முன்கூட்டியே தெரிந்தவர்களிடம் அந்த வெறுப்பு குறைவாக இருந்தது.

வீட்டுக்குள் செய்யக்கூடியது

சமாளித்த குடும்பங்களையும் நிறையப் பார்த்தேன். அவர்கள் மற்றவர்களைவிட வசதியானவர்கள் என்று சொல்ல முடியாது. சில முடிவுகளை அவர்கள் வேறு மாதிரி எடுத்தார்கள்.

சம்பாதித்துக் கொடுக்கும் பொருளை அவர்கள் விற்கவில்லை, அடகும் வைக்கவில்லை. தையல் இயந்திரம், பால் மாடு, தள்ளுவண்டி, மீன் வலை. நெருக்கடியில் முதலில் கண்ணில் படுவது அதுதான், உடனே விலையும் போகும். ஆனால் ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பாத்திரத்தையோ நகையையோ விட்டவர்கள் மீண்டிருந்தார்கள். தொழில் கருவியை விட்டவர்கள் பிறரிடம் கூலிக்குப் போயிருந்தார்கள். இந்த ஒன்றை மட்டும் நான் சந்திக்கும் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

சிறு வியாபாரிகளிடம் பார்த்தது வேறு. வாடிக்கையாளர் போய்விடுவார்களோ என்ற பயத்தில் பழைய விலையிலேயே விற்றுக்கொண்டிருந்தவர்கள், இரண்டு மாதத்தில் முதலைத் தின்றுவிட்டார்கள். விற்ற பணத்தில் மறுபடி அதே அளவு சரக்கு எடுக்க முடியவில்லை. தொடக்கத்திலேயே சிறிதளவு ஏற்றி, காரணத்தையும் வாடிக்கையாளரிடம் சொன்னவர்கள் நின்றார்கள். விலை வைக்கும்போது வாங்கிய விலையைப் பார்க்காமல், நாளை இதே சரக்கை எடுக்க என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். வண்டிக்கூலியைத் தனித்தனியாகக் கொடுக்காமல் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வண்டியில் சரக்கு எடுத்த இடங்களில் கூலி ஏற்றத்தின் பெரும்பகுதியைத் தாங்க முடிந்தது.

கடன் தவிர்க்க முடியாது என்றால், முதல் மூன்று மாதம் தினவட்டிக்கும் வாரவட்டிக்கும் போகாமல் இருப்பதற்கு என்ன வழி இருந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சுயஉதவிக் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ உறவினரோ, யாராக இருந்தாலும் சரி. விலைகள் வேகமாக மாறும் காலம் அந்த மூன்று மாதம்தான். அப்போது ஒத்துக்கொள்ளும் வட்டி பல ஆண்டுகள் கூடவே வரும்.

மானியக் குறைப்பு பற்றிப் பேச்சு அடிபடத் தொடங்கியதுமே செய்ய வேண்டியது காகித வேலை. வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா, பெயர் எழுத்து அடையாள அட்டையோடு பொருந்துகிறதா, கைபேசி எண் இப்போதையதுதானா, குடும்பப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அந்த அலுவலகங்களில் நிற்கவே இடமிருக்காது. படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் இதைச் செய்து கொடுங்கள். முக்கியமாகத் தனியாக வாழும் வயதானவர்களுக்கு.

கணக்கெடுக்கப் போகும் இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுத் தலைவரிடம் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். சமையலறையில் யார் கடைசியில் சாப்பிடுகிறார்களோ அவரிடம் தனியாகக் கேளுங்கள். முதல் மாதம் போனவர்கள் ஆறாவது மாதமும் போக வேண்டும். முதல் மாதத் தாளில் கோபம்தான் இருக்கும், நிறுத்திய மருந்தும் நிறுத்திய படிப்பும் ஆறாவது மாதத் தாளில்தான் வரும். ஏற்பாடு செய்பவர்கள் இரண்டாவது சுற்றுக்குப் பணமில்லை என்பார்கள். முதல் சுற்றில் வீடுகளைக் குறைத்தாவது இரண்டாவது சுற்றைக் காப்பாற்றுங்கள்.

அரசின் அறிவிப்பு வெளியானதும் நான் அதில் தேடும் வரி, உதவித்தொகை எந்தத் தேதியில், எந்த விலைக் குறியீட்டை வைத்து மாற்றப்படும் என்பது. பெரும்பாலான அறிவிப்புகளில் தொகை இருக்கும், இந்த வரி இருக்காது. இல்லையென்றால் அதைச் சேர்க்கச் சொல்லி உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், சங்கங்கள் வழியாகக் கேளுங்கள், பத்திரிகைக்குச் சொல்லுங்கள். அதைக் கேட்க வேண்டிய காலம் திட்டம் தொடங்கும் முதல் சில வாரங்கள். அப்போது அரசுக்கு மக்களின் சம்மதம் தேவையாக இருக்கும். கேட்டால் கிடைக்க வாய்ப்புண்டு.